நான் விதைக்காத பீட்ரூட்

இன்று காலை புக்கெகோஹியில் உள்ள என் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போனுக்கு ஒரு செய்தி வந்தது. என் பெயரைச் சொல்லி, பீட்ரூட் விதை மலிவாகத் தருகிறார்களாம். நான் பீட்ரூட் பயிரிட்டதே இல்லை. பயிரிடுவதாக ஒரே ஓர் இடத்தில்தான் பொய் எழுதியிருந்தேன்: உம்முடைய செயலியில். குழாயை மூடிவிட்டு வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விரி என்ற இடத்துக் குளிர்சாதனக் களஞ்சியத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டி ஏற்றிய காலத்தில், உகண்டாவில் உம்முடைய ஊர்ச் சிறு விவசாயிகளைப் பற்றித்தான் எப்போதும் பேசுவீர். இலையில் புள்ளி விழுந்தால் படமெடுத்து அனுப்பினால் போதும், என்ன நோய் என்று போன் சொல்லிவிடும். சந்தை விலையையும் சொல்லும், தரகன் ஏமாற்ற முடியாது. வேலை முடிந்த பிறகு நீரே உட்கார்ந்து செய்த செயலி அது. ஊரில் கொடுப்பதற்கு முன் இங்கே தோட்டம் செய்யும் எங்கள் சிலரிடம் சோதித்துப் பார்க்கக் கேட்டீர்.

பெயர், நம்பர், காணியின் எல்லை, என்ன பயிர் என்று செயலி கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டேன். வன்னியில் போர் நாட்களில் பதிவுக்கென்று எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் நல்லதுக்கு வந்ததில்லை. "இதையெல்லாம் யாருக்கு விற்கப் போகிறீர்?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "ஒருவருக்கும் இல்லை" என்றீர். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் பீட்ரூட்டை எழுதிவைத்தேன். விதைக்காரன் எவனாவது அதைத் தேடி வந்தால் உம்முடைய குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அந்த மனிசன் பாவமப்பா. உங்களுக்கு ஆரைத்தான் நம்பத் தெரியும்?" என்று என் மனைவி ஏசினாள்.

ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்து, "எங்கே பீட்ரூட்?" என்று தேடினீர். முளைக்கவில்லை என்றேன். கொத்தாத நிலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தீர். "எங்கள் ஊரிலும் உம்மைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்துதான் நான் ஒழுங்காக நடக்கிறேன்" என்றீர். அதையும் நான் நம்பவில்லை. வந்த ஒவ்வொரு விளம்பரத்தையும் துருவித் துருவிப் பார்த்தேன். நீர் இருந்தவரை பீட்ரூட்டைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை.

போன குளிர்காலத்தில் திடீரென்று இதயம் நின்று போய்விட்டீர். இன்று வரம்பில் உட்கார்ந்திருந்தபோது முதலில் வந்த நினைப்பு, சாவதற்கு முன் நீரே விற்றுவிட்டீரோ என்பதுதான். பிளாட் புஷ்ஷில் இருக்கும் உம்முடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். உம்முடைய வேலையைத் தொடர்ந்து நடத்துவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் வந்ததாம். சோதனைக்கு என்று இங்குள்ள எங்கள் சிலரின் விபரத்தை அவரே அவர்களிடம் முதலில் கொடுத்தாராம். உகண்டா விவசாயிகளின் விபரம் முழுவதையும் திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தாராம்.

பீட்ரூட் கதையைச் சொன்னேன்.

"நீங்கள் என் கணவரையே நம்பாதவர்" என்றார்.

"ஓம். அதனால்தான் சொல்கிறேன். அவரை நான் சோதித்துப் பார்த்தேன், கடைசிவரை வாக்கு மாறவில்லை. இவர்கள் வந்த கையோடு மாட்டிக்கொண்டார்கள்."

பிறகு, "திங்கட்கிழமை கொடுக்கமாட்டேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே குரல் மாறி, "அது சரி, இதில் உங்களுக்கு என்ன லாபம்? நீங்களே எடுத்து நடத்தப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. இனி உம்முடைய ஊராரின் பெயர்களை யாரும் இலேசில் வாங்கிக்கொண்டு போக முடியாது. வருகிற எல்லாரிடமும் இதையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு அழுதேன்.

இந்த நாட்டில் நான் சோதித்துச் சோதித்து முழுதாக நம்பிய ஆள் நீர் ஒருவர்தான். உம்முடைய மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை இன்னும் கூடச் சந்தேகப்பட்டிருப்பார்.