வேலைக் கயிற்றில் ஊஞ்சல்

பாப்பா அப்பாவுக்கு,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தட்டைத் தொட்டீர்கள், அப்புறம் நடப்பதே வேறு.

பாப்பாவின் உள்ளங்கையிலும் தொடையிலும் கொப்புளம். நேற்று வரை வேர்க்குரு என்றே நினைத்தேன். காலையில் டாக்டர், "வீட்ல யாராவது மரம் வெட்டுற வேலையா?" என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது ஊசி போடக் கூட்டிப் போகிறேன்.

ஏன், நீங்கள் மரமேறுகிற பழைய கயிறுதான் ஊஞ்சலுக்குக் கிடைத்ததா? எத்தனை மரத்துப் பால் அதில் ஊறிக் கிடக்கிறதோ! "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஆரம்பிக்க வேண்டாம். உங்களுடையது காப்புக் காய்த்த கை. அவளுக்கு ஐந்து வயது.

கயிற்றை அறுத்து மூட்டையாகக் கட்டிப் பின்பக்கம் வைத்திருக்கிறேன். எரித்துத் தொலைக்காதீர்கள், புகை பட்டாலும் அரிக்குமாம்.

சாவி வழக்கமான இடத்தில்.

இன்னொன்று. ஊஞ்சலால் வந்தது என்று உங்களிடம் சொல்லக் கூடாதாம். "அப்பா அழுவாங்கம்மா" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அழுங்கள், நன்றாக அழுங்கள். ஆனால் நாங்கள் திரும்புவதற்குள் கடையில் புதுக் கயிறு வாங்கிக் கட்டியிருக்க வேண்டும்.