அக்காவின் அளவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் பாதியில் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மா இன்று உன் ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒன்று. நான் விடச் சொன்ன அந்த மாத்திரையை விட்டிருந்தால், நாளைக்கே டாக்டரைப் போய்ப் பார். மற்றதெல்லாம் அப்புறம்.

மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு கொதிக்கிறதென்று எனக்குக் கொடுத்த ஹார்மோன் மருந்து இரண்டு. தோலில் ஒட்டும் பட்டை ஒன்று, படுக்கும் முன் போடும் மாத்திரை ஒன்று. உனக்கும் அதேதான். ஆறு வருஷம் ஆயிற்றே, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். நிறுத்தலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், வாங்க பேசலாம் என்றார் டாக்டரம்மா. தையல் கடையில் பள்ளிச் சீருடைத் துணி மலையாய்க் குவிந்து கிடந்தது. போகவில்லை. குறைப்பதென்றால் இரண்டில் ஒன்றை விடுவதுதானே என்று நானே முடிவு கட்டினேன். மாத்திரை போட்டால் காலையில் தலை கிறுகிறுக்கும், அதை விட்டேன். ஒன்பது மாதம் பட்டை மட்டும். பெரிய புத்திசாலி மாதிரி உனக்கும் அதையே ஓதினேன்.

போன வாரம் கட்டிங் மேசை முன்னால் நிற்கும்போது ரத்தம் போயிற்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகு. வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியையே இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கருப்பை இருக்கிறவளுக்குப் பட்டை மட்டும் போட்டால் அதன் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், விட்டால் புற்றுநோய்கூட ஆகலாம், அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை என்றார். ஸ்கேனில் தடிப்பு தெரிந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு வரும். “துணியை வெட்டுற மாதிரி மருந்தையும் நீயே வெட்டிட்டியே” என்றார் உன் அத்தான். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைக்க முடியவில்லை.

சின்ன வயதிலிருந்து நம் இருவருக்கும் என் அளவில்தான் வெட்டுவேன். உனக்குத் தோள் இறங்கும், கை நீளும். அக்கா தைத்தது என்று வாய் திறக்காமல் போட்டுக்கொள்வாய். அதை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதையும் அப்படித்தானே கேட்டிருப்பாய்.

பட்டை டப்பா, மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. எத்தனை மாதம் விட்டாய் என்று உள்ளபடி சொல். ஒரு துளி ரத்தம் பட்டிருந்தாலும் சொல்லிவிடு. நிறுத்துவதா, எப்படிக் குறைப்பது என்பதை அவர்களே உன் உடம்பைப் பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு எது வந்தாலும் அது நான் செய்ததற்கு. உனக்கு ஒன்றும் வரக்கூடாது, நீ நூறு வயது இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் ஒரு வார்த்தை சொல். அப்படியே உன் தோள் அளவையும் எடுத்து அனுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை.

உன்
அக்கா