இந்த மார்ச்சா, அடுத்த மார்ச்சா

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், அப்பாவுக்கு மட்டும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் முட்டிவலி ஞாபகம் வந்துடுது. நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிறேன்னு நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கேன்.

முதுகலை நுழைவுத் தேர்வை இந்த மார்ச்சிலேயே எழுதவா, அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிப் போடவான்னு கேட்டிருந்தே. மருந்துக் கம்பெனியில ஷிப்ட் மாறி மாறி வருது, கரிம வேதியியல் பாதிகூட முடியலைன்னும் எழுதியிருந்தே. படிச்ச உடனே என் வாயில வந்த பதில், இந்த மார்ச்சிலேயே எழுதுங்கிறதுதான். ஏன்னா நான் வேலை பார்க்கிற, நீயும் படிச்ச நம்ம காலேஜ் வேதியியல் துறைத் தலைவர் ஜூன் மாசம் ஓய்வு பெறுறார். நீ மார்ச்சில எழுதினா மே மாசம் நேர்காணல், அந்த மேஜைக்குப் பின்னாடி அவர்தான் உட்கார்ந்திருப்பார். உன் மார்க்கைப் பார்த்து, வேற வழியில்லாம அவர் கையாலேயே சேர்க்கைக்குக் கையெழுத்துப் போடணும், அதை நான் ஆய்வக வாசல்ல நின்னு கண்குளிரப் பார்க்கணும். மூணு வருஷமா இந்த ஒரு நினைப்புதான் என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போகுது. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போன உன்னை மொத்த வகுப்பும் பார்க்க நிக்க வச்சு, உங்கம்மா இருபது வருஷமா இங்க குடுவை கழுவுறாங்க, நீயும் அதைக் கத்துக்கிட்டா போதாதான்னு கேட்டாரே மனுஷன். அதோட விட்டாரா, நாளைக்குத் தர்றேன் நாளைக்குத் தர்றேன்னு இழுத்தடிச்சு, கடைசித் தேதி முடிஞ்ச மறுநாள் கடிதத்தை என் கையில குடுத்தார். நான் நன்றி சார்னு வேற சொல்லித் தொலைச்சேன். அந்த நன்றியை நினைச்சா இப்பவும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

இதை அப்பாகிட்ட சொன்னா, பேப்பரை மடிச்சு வச்சுட்டு, பழி உன்னோடது பரீட்சை அவளோடது, படிச்சு முடிச்சுட்டே எழுதட்டும்னார். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு, ரெண்டு நாள் அவரோட பேசலை. மூணாம் நாள் பொறுக்க முடியாம துறைத் தலைவர் அறைக்கே போயிட்டேன். புத்தகங்களை அட்டைப்பெட்டியில அடுக்கிட்டு இருந்தார், கூட ரெண்டு விரிவுரையாளருங்க. என் மக இந்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுதுறா சார்னேன். கண்ணாடியைக் கழட்டிட்டு, உங்களுக்குப் பொண்ணு இருக்காளாம்மான்னு கேட்டார். நடிப்பு இல்லடி, நிஜமாவே மறந்துட்டார். நான் மூணு வருஷமா அடைகாத்தது அவருக்கு ஒரு மதியத் தூக்கத்தோட போயிடுச்சு! விட்டுடுவேனா? எந்த நாள், எந்த வகுப்பு, என்ன சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை பிசகாம சொன்னேன். அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேனேம்மான்னார். உங்க கையெழுத்தும் தேதியும் போட்ட கடிதம் என் பீரோவுல இருக்கு, கொண்டு வரட்டுமான்னேன். ஒரு விரிவுரையாளர் தரையைப் பார்த்தார், உயரமா இருப்பாங்களே அந்த அம்மா, அவங்க வச்ச கண் வாங்காம அவரையே பார்த்தாங்க. கையில இருந்த புத்தகத்தை எந்தப் பெட்டியில போடுறதுன்னு தெரியாம திரும்ப அலமாரியிலேயே வச்சார் மனுஷன். எனக்கு உள்ளுக்குள்ள இனிச்சுது, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் யோசிச்சேன். நீ அரைகுறையாப் படிச்சு எழுதி, கிடைக்காமப் போச்சுன்னா, நான் அன்னிக்கே சொன்னேனேன்னு சொல்ல அவருக்கு வாய்ப்பு கிடைச்சுடும். அவருக்கு அந்தச் சந்தோஷத்தை நாம குடுக்கவே கூடாது. அதனால அடுத்த மார்ச்சிலேயே எழுது. நிதானமா, ஒரு பாடம் விடாம படிச்சுட்டு எழுது. அப்பா இதைக் கேட்டுட்டு, ஒருவழியா நான் சொன்னதுக்கு வந்துட்டியேன்னு சிரிக்கிறார். அவர் சொன்னதுக்காக இல்லைன்னு அவருக்கு யார் சொல்றது.

பகல் ஷிப்டா மாத்திக் குடுங்கன்னு மேற்பார்வையாளர்கிட்ட இப்பவே கேட்டு வை. பரிந்துரைக் கடிதம் இந்தத் தடவை ரெண்டு பேர்கிட்ட முன்கூட்டியே வாங்கிடு, ஒருத்தரை நம்பி நிக்காதே. நீ நினைச்சதெல்லாம் படிச்சு, தலை நிமிர்ந்து நூறு வருஷம் நல்லா இருக்கணும். நீ ரிசல்ட்டை மட்டும் அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் எங்க குடியிருக்கப் போறார்னு அலுவலக எழுத்தர்கிட்ட விசாரிச்சு விலாசம் எழுதி வச்சிருக்கேன், ரெண்டு பஸ் மாறணுமாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா