ஆறு சீனி அட்டைகள்

ஒக்டோபர் 8, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. பேராதனையிலிருந்து மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்கு வான் வண்டி. வளைவுகளில் இரண்டு தரம் வாந்தி. மருத்துவ பீட நாலாம் வருடப் பயிற்சி: என் பொறுப்பில் ஆறு சீனி வருத்தக்காரர் (நீரிழிவு). ஆளுக்கொரு சீனி பார்க்கும் மெசின், இரத்தம் தொட ஸ்ட்ரிப் டப்பா, எண் எழுத அட்டை. தினமும் காலையில் விரலைக் குத்தி, வருகிற எண்ணை எழுத வேண்டும். 130க்குக் கீழே என்றால் நல்லது. அரை மணித்தியாலம் கத்தினேன், ஒருவரும் அசையவில்லை. கடைசியில், "நீங்கள் எழுதாட்டி சேர் எனக்கு மார்க் போடமாட்டார் அம்மா." உடனே ஆறு பேரும் கை நீட்டினார்கள். பாக்கியம் அம்மா (கொழுந்து எடுப்பவர், வயது 53, இனி பா.அ.) என் ஈரத் தலையைத் துவட்டியும் விட்டார்.

வாங்க: குடை, சவர்க்காரம், வாந்திக் குளிசை.

ஒக்டோபர் 22, செவ்வாய்
வெயில். பா.அ.வின் அட்டை: 118, 122, 115. ஒரு நாள்கூடத் தவறவில்லை! சேர் வகுப்பில் தூக்கிக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். கன்டீனில் ரோல்ஸ் இரண்டு.

பா.அ.வின் காலில் துணி சுற்றியிருந்தது. "முள்ளு குத்திருச்சு புள்ள, ஒண்ணுமில்ல." அவிழ்த்துப் பார்க்கவில்லை. எண்கள்தான் நன்றாக இருக்கின்றனவே.

நவம்பர் 5, செவ்வாய்
பா.அ.வின் லயத்து வீட்டுக்குள் நுழையும்போதே நாற்றம். துணியை அவிழ்த்தால் பெருவிரல் கறுப்பு. விரலைக் குத்திப் பார்த்தேன். மெசினுக்கே எட்டாத அளவு, எண் வரவில்லை. ஸ்ட்ரிப்களைக் கொட்டி எண்ணினேன். இன்றையதைத் தவிர, டப்பாவில் குறைந்திருந்தவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று நான் செய்து காட்டியது.

"ஏன் அம்மா?"

"மறுநா குத்தினேன், முந்நூத்திச் சொச்சம் வந்துச்சு. எங்களுக்குக் கிலோ கொறைஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம். ஒங்களுக்கும் அப்பிடி மார்க்க கொறைச்சிருவாங்களேன்னு நல்ல நம்பரா எழுதிட்டேன் புள்ள."

ஏசவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மற்ற ஐந்து பேரின் அட்டைகளை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டேன். பா.அ.வை அதே வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு.

நவம்பர் 7, வியாழன்
மந்தாரம். நாளை ஒப்பரேஷன். முழங்காலுக்குக் கீழே.

"இனி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக ஏலாதில்ல புள்ள?"

கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். வெட்கங்கெட்டவள் நான். சாப்பிடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி
மழை. கால் எடுத்தாயிற்று.

சேரிடம் எல்லாம் சொன்னேன். "அந்த ஒரு ஆளை விட்டிட்டு அறிக்கையை எழுதும். மற்ற அஞ்சும் வடிவாத்தானே இருக்கு."

அறைக்கு வந்து பையைத் திறந்தேன். ஐந்திலும் 115, 120, 118. ஐந்து பேருக்கும் அந்த மார்க் கதையைத்தான் சொன்னேன். செவ்வாய் வாங்கி வந்த அட்டை ஒன்றில் வருகிற ஞாயிறு வரைக்கும் எழுதியிருக்கிறது. இன்றைக்கு வெள்ளிதான்.