ஐந்தாவது மெஷினைத் தாண்டிப் போன பண்டல்

ஜூலை 27, ஞாயிறு

அன்புள்ள சித்திக்கு,

கடிதம் எழுதினால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். இங்கே பாதி நலம். மீதிப் பாதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் அவள் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

போன மாதம் நீங்கள் போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை என்று வருத்தப்பட்டீர்களாம். கோபம் எதுவும் இல்லை சித்தி. போன் என்றால் எனக்கு ‘ம்’, ‘சரி’ இரண்டும்தான் வெளியே வரும். பக்கத்தில் அம்மா வேறு படுத்திருந்தாள். எழுதுவது என்றால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. வலது கைதான் வீங்கி வீங்கி வற்றுகிறது. ஒரு வாளித் தண்ணீர்கூட அந்தக் கையால் தூக்கக் கூடாதாம். கட்டியை எடுத்துவிட்டார்கள், உள்ளே வேறு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்பது ஸ்கேனில் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார் இல்லையா? புதன்கிழமை அதன் ரிப்போர்ட் வாங்கும் நாள். எனக்குத் தையல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நாலாவது மெஷின் ரேடியோ அக்காதான் கூடப் போனார். சாயங்காலம் ஓடி வந்து கேட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன்” என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது?

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அம்மா இப்போதெல்லாம் முகத்தை மூடிப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். மூச்சு விடுவது வெளியே தெரியாது. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போர்வைக்குள் கைவிட்டு அவள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருக்கும். “ஏண்டி, கை ஐஸ் மாதிரி இருக்கு” என்று காலை இழுத்துக்கொண்டு திட்டுவாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டால்தான் எனக்கு அன்றைக்கு மெஷினில் கால் ஓடும்.

லைனில் எல்லாம் உங்கள் காலத்தில் இருந்த மாதிரியேதான். இரைச்சலில் பேச முடியாது என்று இன்னும் பண்டல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதித்தான் சேதி அனுப்புகிறார்கள். படித்தவர் தன் மெஷின் நம்பரைப் போட்டு ஒரு டிக் அடித்து, துணியோடு சேர்த்துக் கட்டி அடுத்த மெஷினுக்குத் தள்ளுகிறார். சூப்பர்வைசர் சாருக்கு இவ்வளவு காலமாகியும் ஒன்றும் தெரியாது. நீங்கள் இருந்த ஆறாவது மெஷினுக்கு வந்திருக்கும் அக்காவுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூட மாட்டார். எனக்கு வாயில்லாப் பூச்சி என்ற பெயர் அவர் வைத்ததுதான்.

வியாழக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. ரேடியோ அக்கா ஒரு பண்டலை என்னிடம் தராமல், என் தலைக்கு மேலே நீட்டிக் குண்டூசி அக்காவிடம் கொடுத்துவிட்டார். காலர் தைப்பது அம்மாவுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது மெஷின் வேலை இல்லையா? கேட்டதற்கு, “இதை அவ தைக்கட்டும், நீ கொஞ்சம் கையை ஆத்திக்கோ” என்றார். அன்றைக்கு எல்லாரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். குண்டூசி அக்கா ஒரு தடவைகூடக் குத்தவில்லை. கேக் வாங்கி வந்து பங்கு வைத்தார். எதற்கு என்றால், “சும்மாதான், நாக்கு கேட்டுச்சு” என்றார். அம்மா உடம்புக்காக என்மேல் பரிதாபப்படுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் முப்பதுக்குள் பெயர் கொடுத்தால் விட்ட படிப்பைத் தொடரலாம், பரீட்சையும் எழுதலாம் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆபரேஷனுக்குப் போகுமுன் அம்மா கொடுத்த வாக்கு உங்களுக்கும் தெரியும். உங்கள் முன்னால்தானே சொன்னாள்? “நான் தேறினதும் நீ உன் பெஞ்சுக்குப் போ, நான் என் மெஷினுக்குப் போறேன். அதுவரைக்கும் இடம் போயிடாம உக்காந்திரு.” ரிப்போர்ட் நல்லபடியாக வந்திருந்தால் இந்நேரம் கேட்டிருப்பேன். இப்போது பள்ளிக்கூடம் என்ற சொல்லையே நான் எடுப்பதில்லை. உயிருக்குப் போராடுகிறவளிடம் போய்ப் படிப்பைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

சித்தி, அம்மா உங்களிடம் மனம்விட்டுப் பேசுவாளே, உண்மையில் அவளுக்கு எப்படி இருக்கிறது? ஏதாவது சொன்னாளா? மோசமாக இருந்தாலும் எனக்கு மறைக்காதீர்கள். நீங்கள் சொன்னால் தாங்கிக்கொள்வேன்.

உங்கள்
வாயில்லாப் பூச்சி


அக்டோபர் 5, ஞாயிறு

சித்திக்கு,

இங்கே முழு நலம்.

அம்மாவின் உடம்பில் நோய் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கண்ணால் பார்த்தேன். மருந்து டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தாள். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வந்தால் போதுமாம்.

இந்தச் சேதியை யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்று மே மாதத்திலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். லைனுக்கு அட்டையில் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். குண்டூசி அக்காவிடம் வாயாலேயே சொல்லி அவரை அசத்த வேண்டும். உங்களுக்குப் போன் செய்து, ‘ம்’, ‘சரி’ இல்லாமல் முழு வாக்கியமாகப் பேச வேண்டும். தையல் ஓட்டும்போது அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது சொல்வதற்கு ஆளே இல்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசி.

எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். புதன்கிழமை அறுபது சட்டைகள் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தன. காலர் கோணல். ஜூலையில் என் தலைக்கு மேலே போன அதே பண்டல். குண்டூசி அக்காவுக்குச் சட்டைப் பை தைத்துத்தான் பழக்கம், காலர் வராது. பிரித்துத் தைக்க என்னிடமே போட்டார்கள். பண்டல் அட்டையைப் பிரிக்கவோ கிழிக்கவோ கூடாது என்பது எங்கள் லைனில் சட்டம், உங்களுக்குத் தெரியாததா? அது பண்டலோடு போய்ப் பண்டலோடு வந்திருந்தது. பின்பக்கம் ரேடியோ அக்காவின் கையெழுத்து, காலையிலேயே ஒன்றாவது மெஷினில் எழுதிப் போட்டிருப்பார் போல: “நம்ம ஆளுக்கு ரிப்போர்ட் சுத்தமா வந்துடுச்சு. ஒண்ணுமே இல்லையாம். அஞ்சாம் நம்பருக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவங்கம்மா சத்தியம் வாங்கிட்டா.” கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு என்று வரிசையாக டிக். அதற்கும் கீழே சின்னதாக, “ஊருக்குப் போன பழைய ஆறுக்கும் நேத்தே போன்ல சொல்லியாச்சு. அழுதுட்டா பாவம்.”

பழைய ஆறு நீங்கள்தானே?

அட்டையில் தேதி ஜூலை 24. நீங்கள் எனக்குப் பதில் எழுதியது ஆகஸ்ட் 2. அந்தக் கடிதத்தை டிபன் பையிலேயே வைத்திருந்தேன், மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. “தைரியமா இரு கண்ணு, கடவுள் கண் திறப்பார், அதுவரை அம்மா மனசு நோகாம நடந்துக்கோ” என்று எழுதியிருந்தீர்கள். அவர் கண் திறந்து அன்றைக்குப் பத்து நாள் ஆகியிருந்தது, சித்தி.

நான் அழவில்லை. அறுபது காலரையும் பிரித்து, ஒழுங்காகத் தைத்து முடித்தேன். பிறகு அந்த அட்டையில் நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் ‘5’ என்று எழுதி, ஒரு டிக் போட்டு, பண்டலோடு கட்டி ஆறாவது மெஷினுக்குத் தள்ளினேன். குண்டூசி அக்கா மெஷினை நிறுத்தினார். அட்டை ஏழாவதுக்குப் போனது, அதுவும் நின்றது. இரண்டு மெஷின் நின்றாலே எங்கள் பக்கம் எவ்வளவு அமைதியாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கம்மா தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாடி, நான் என்ன பண்ணுவேன்?” என்று அழுதார். குண்டூசி அக்கா, “இது சரியில்லைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். அட்டையில் இருப்பதிலேயே பெரிய டிக் அவருடையதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அட்டையில் இருந்ததைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் வீங்கிய கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குத்தான் கோபம் வந்தது. “சொல்லியிருந்தா அன்னைக்கே மெஷினை விட்டு எழுந்து போயிருப்ப. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எங்க போய் உக்கார்றது? வீட்டுல வேற யாரு இருக்கா?” என்று கேட்டாள். என்னிடம் எப்போதுதான் சொல்வதாக இருந்தாய் என்றேன். “நவம்பர்ல” என்றாள். நவம்பரில் ஆறு மாதம் முடிகிறது. வீட்டு ஆள் ஆறு மாதம் உட்கார்ந்தால் மெஷின் அந்த ஆள் பேருக்கே மாறிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். அது மாறுவதற்காகத்தான் காத்திருந்தாளாம்.

அவள் பயம் எனக்குப் புரிகிறது. ‘என்னால் இனிமேல் மெஷின் ஓட்ட முடியாது, நீ படிப்பை விட்டுவிடு’ என்று கேட்டிருந்தால் நானே உட்கார்ந்திருப்பேன். அழுதுகொண்டாவது உட்கார்ந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. செத்துவிடுவாள் என்று என்னை நினைக்கவிட்டு உட்கார வைத்தாள். காலையில் பாதத்தைத் தொட்டேனே, எதற்குத் தொடுகிறேன் என்று அவளுக்குத் தெரியுமாம். கேட்டேன். தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். தெரிந்தே இத்தனை நாளும் ‘ஐஸ் மாதிரி’ என்று திட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் முப்பது போய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு காரியம் செய்தேன். முதலில் சூப்பர்வைசர் சார் மேஜை முன்னால் போய் நின்றேன். என்ன என்று அவர் இரண்டு தடவை கேட்டபிறகுதான் எனக்குக் குரல் வந்தது. அம்மாவுக்குச் செக்கிங் மேஜையில் இடம் தர முடியுமா என்று கேட்டேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக் கறை, ஓட்டை பார்க்கும் வேலை, இடது கையே போதும், கனமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அஞ்சு மாசமா உனக்குப் பேச்சே வராதுன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்” என்றார். இடம் இருக்கிறதாம். இந்த மாதத்துக்குள் அம்மாவே நேரில் வந்து கேட்க வேண்டுமாம். சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். தாமதமாகப் பெயர் கொடுக்கிறவர்களுக்கு அக்டோபர் 17 வரை நேரம் இருக்கிறது, ஆனால் பெற்றவர் அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். “பாக்கலாம்” என்றாள். அவளுடைய ‘பாக்கலாம்’ உங்களுக்குத் தெரியும்.

இனிமேல் நான் அவளிடம் கேட்க மாட்டேன் சித்தி. கேட்டால் அழுகை வரும், அழுதால் அவள் கையைக் காட்டுவாள், கையைப் பார்த்தால் நான் மறுபடியும் போய் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவள் சொன்னதை நீங்கள் கேட்டீர்களே, அதுபோல.

வெள்ளிக்கிழமை காலை அவள் பாதத்தைத் தொடாமல் வேலைக்குப் போய்விட்டேன். நேற்றும் வாசல் வரை போய்விட்டேன். செருப்பைக்கூட மாட்டியாகிவிட்டது. திரும்பி வந்து தொட்டேன். என் கைமேலேயே எனக்குக் கோபமாக வந்தது. சூடாகத்தான் இருந்தது. அம்மா திட்டவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. நான் கையை எடுக்கும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு அவள் டீச்சர் முன்னால் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டாம். அதற்குப் போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாவது மெஷின்