கோணிப்போன பொட்டு

ஏவன்டேல், ஒக்லாந்து
11.08.1996

அன்புள்ள அம்மா, அப்பா,

நான் சுகம். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் இருவரின் சுகத்துக்காகத் தினமும் கும்பிடுகிறேன்.

போன கிழமை மூக்குக்கண்ணாடி எடுக்கப் போனேன். வைத்தியர் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பின்பக்கத்தில் மெல்லிய இரத்தக் கசிவு தெரிகிறதாம். இரத்தம் சோதித்தார்கள். சீனி வருத்தம்தான், நீரிழிவு. தொடக்கம் என்பதால் குளிசை போதும், யோசிக்கவேண்டாம்.

மருந்தால் எல்லாம் மங்கலாக இருந்தது. "கூட்டிக்கொண்டு போக ஆரும் வந்திருக்கினமோ?" என்று கேட்டார்கள். வெளியில் நிற்கினம் என்று சொல்லிவிட்டு, பார்வை தெளியும்வரை ரயில் நிலைய வாங்கிலில் இருந்தேன்.

குடும்பத்தில் ஆருக்கும் சீனி இருக்கோ என்றும் வைத்தியர் கேட்டிருந்தார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து, அக்காவின் மகள் பிரணவியின் பிறந்தநாள் படத்தைப் பார்த்தேன். அம்மா, உங்கள் பொட்டு ஒரு புருவத்துக்கு மேல் கோணிப்போய் இருக்கிறது. என் திருநீறு கோணினாலே கூப்பிட்டுச் சரிசெய்கிற ஆள் நீங்கள். கண் மங்கலென்று ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?

அப்பா, அம்மாவைக் கண் வைத்தியரிடம் காட்டுங்கோ. சீனியும் சோதிப்பியுங்கோ. திரும்பி வரும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ, மருந்து விட்டால் படி தெரியாது.

வேலைக்கு நேரமாகிறது. அப்பா, வைத்தியரிடம் காட்டின பிறகு அம்மாவைப் படம் எடுத்து அனுப்புங்கோ. பொட்டை நீங்கள் திருத்தவேண்டாம், அம்மா வைத்தபடியே இருக்கட்டும்.

மகன்
நிமலன்