தட்டில் தடவிய நெய்

என் பாசத்துக்குரிய அத்தானுக்கு,

நாலாம் வகுப்போடு நின்ற மச்சினன் பேனா பிடித்திருக்கிறான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

மௌலா அலியில் நம் கடை திறந்துதான் இருக்கிறது. மிக்சர், லட்டு எல்லாம் உண்டு. பால்கோவா மட்டும் இல்லை. பின்கட்டில் பால் காய்ச்சவே அக்கா விடுவதில்லை. அன்றைக்குப் பால் அடிப்பிடித்த வாசனை வந்துதான் அவள் ஓடி வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நீங்கள் விழுந்து கிடந்தீர்கள். அதிலிருந்து அவள் வாயில் இனிப்பே படவில்லை.

இந்த மாதம் உங்கள் வருசத் திதி வந்தது. பால்கோவா இல்லாத இலைக்கு நீங்கள் வருவீர்களா? கோபித்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிட மாட்டீர்களா?

உங்கள் மகள் ரேவதிதான் வழி சொன்னாள். அமீர்பேட்டில் அவளோடு கோர்ஸ் படிக்கும் பெண்கள் சிலர் வீகனாம்.

"பால், நெய், தயிர் எதுவும் நக்கோ, வேண்டாம் மாமா. முந்திரியை அரைச்சு, தேங்காப்பால்ல கிண்டு."

"உங்கப்பா கேட்டா கரண்டியாலயே போடுவாரு என்னைய."

"கேக்கட்டும். வந்து கேக்கட்டும்," என்றாள். நான் முந்திரியை எடுத்து ஊறவைத்தேன்.

முதல் தடவை தீ கூடிவிட்டது. தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் கக்கியது. தெருவுக்கே தலைக்குத் தேய்க்கக் கொடுத்திருக்கலாம். மறுநாள் சிறு தீயில் வைத்து, கரண்டியை நிறுத்தாமல் கிண்டினேன். சுருண்டு வரும் நேரம், வாணலி விளிம்பில் டங் டங்கென்று இரண்டு தட்டு. பதம் வந்ததும் நீங்கள் தட்டுவீர்களே, அதே தட்டு. என் கரண்டி கோவாவுக்குள்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், உங்கள் ஸ்டூல் காலியாக இருந்தது.

அத்தான், அது நீங்களா?

இறக்கித் தட்டில் கொட்டினேன். சூடு பட்டதும் நெய் வாசனை குப்பென்று எழுந்தது. நீங்கள் கிண்டுவீர்கள், நான் தட்டில் நெய் தடவி வைப்பேன். இத்தனை வருசமாக என் வேலை அதுதானே? பால் இல்லாமல் அவ்வளவு பாடுபட்டுவிட்டு, தட்டில் நெய்யைத் தடவி வைத்திருக்கிறேன்.

வாசனைக்கு அக்கா வந்துவிட்டாள். வெளியே போகவில்லை. தட்டையே பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தாம்ல தடவி வச்சிருந்த. தட்டு காலியா கெடந்துச்சு."

ஒரு வருசமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது. "அக்கா, சீனி வாங்கப் போனேன்னு சொன்னது பொய். ரெண்டே நிமிசம்னு அத்தான்கிட்ட சொல்லிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்க நின்னு கதை பேசிட்டேன்."

"தெரியும். சீனி மூட்டை உள்ளதான இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்." உங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திரும்பக் கிண்டு. எங்கயும் போவாத."

இந்த முறை தட்டில் தேங்காய் எண்ணெய் தடவினேன். திதியன்று உங்களுக்குப் படைத்த பிறகு, அக்கா ஒரு விள்ளல் வாயில் போட்டாள்.

"அவுக இருந்தா இதுக்கு பால்கோவான்னு பேரு வைக்க விட மாட்டாக," என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு விள்ளல் எடுத்தாள்.

என் பொய்யை அவள் மன்னித்தாளா, தெரியவில்லை. கேட்கவும் பயம். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு விழும் முன் என்னைக் கூப்பிட்டீர்களா? டீக்கடையில் என் சிரிப்புச் சத்தத்தில் அது எனக்குக் கேட்காமல் போயிற்றா?

இனி அடுப்பில் வாணலி இருக்கும்வரை வாசலைத் தாண்ட மாட்டேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பேன். இது சத்தியம்.

தட்டோடு பக்கத்திலேயே நிற்கும்,
உங்கள் மச்சினன் முருகேசன்